துருவுக்கு அடியில் ஒரு செவ்வாய்க்கிழமை

அமெரிக்காவின் சிறு ஊர்களில் பனி உருகி வெயில் வந்ததும் 'கராஜ் சேல்' பருவம் தொடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் கார் கொட்டகையைத் திறந்து, வேண்டாத சாமான்களை எல்லாம் வீட்டு முன்வாசலில் பரப்பி வைப்பார்கள். குழந்தைகள் ஓட்டி முடித்த சைக்கிள், பழைய சட்டைகள், பீங்கான் தட்டுகள், ஓடாத கடிகாரம். இவற்றுக்கு நடுவே, மேஜைக்கு அடியில் தள்ளிவிட்ட அட்டைப்பெட்டி ஒன்றும் பல வீடுகளில் இருக்கும். அதற்குள் துருவேறிய இழைப்புளி, பல் மழுங்கிய ரம்பம், பிடி கழன்ற உளிகள். தாத்தா காலமான பிறகு வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. சில டாலருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பெட்டிக்காகவே அதிகாலையில் வந்து காத்திருப்பவர்கள் உண்டு. வேலை செய்ய வாங்கும் தச்சர்கள், அடுக்கி வைத்து ஆராயும் சேகரிப்பாளர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், மர வேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் என்று பல தரப்பினர். பழைமையின் மேல் உள்ள பாசம் மட்டும் இவர்களை இழுத்து வருவதில்லை. நூறு வயதான ஒரு கைக்கருவியில் வடிவமைப்பு, உலோகவியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து உறைந்திருக்கின்றன. படிக்கத் தெரிந்தவருக்கு அது தன் பிறந்த தேதியைச் சொல்லும். தன் எஃகின் கதையைச் சொல்லும். துருவை நீக்கித் தீட்டிவிட்டால், மறுநாளே வேலைக்கும் வந்துவிடும்.

தேதியைச் சொல்லும் இரும்பு

இந்தப் பெட்டிகளில் அடிக்கடி கிடைக்கும் ஒன்று, ஸ்டான்லி நிறுவனத்தின் 'பெய்லி எண் 4' இழைப்புளி. ஏறக்குறைய 9 அங்குல நீளம், 2 அங்குல அகல அலகு. இதை உருவாக்கியவர் லியோனார்ட் பெய்லி. அவருக்கு முந்தைய தச்சர்கள் மரக்கட்டையால் ஆன இழைப்புளியில் அலகை ஆப்பு வைத்து இறுக்கினார்கள். சீவலின் கனத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். பெய்லி வார்ப்பிரும்பு உடலில், 45 பாகைச் சாய்வில் அலகை நிறுத்தி, அதன் பின்னால் ஒரு பித்தளைச் சக்கரத்தை வைத்தார். விரலால் அதைத் திருப்பினால் அலகு மயிரிழை அளவு முன்னேறும், மயிரிழை அளவு பின்வாங்கும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி ரூல் அண்டு லெவல் கம்பெனி 1869-இல் பெய்லியின் காப்புரிமைகளை வாங்கியது. சிறியதான எண் 1-இலிருந்து 24 அங்குல நீளமுள்ள எண் 8 வரை ஒரு வரிசையே உருவானது. இன்று உலகெங்கும் தயாராகும் இரும்பு இழைப்புளிகளில் மிகப் பல அந்த அமைப்பின் வழிவந்தவை.

அலகைக் கழற்றிவிட்டு, உடலின் உள்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். 1910-க்குப் பின் வார்க்கப்பட்ட பல இழைப்புளிகளில் மூன்று தேதிகள் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றும் காப்புரிமை வழங்கப்பட்ட நாட்கள். நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினால் மூன்றுமே செவ்வாய்க்கிழமை என்பது தெரியவரும். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை செவ்வாய்க்கிழமைகளில்தான் காப்புரிமைகளை வெளியிட்டு வருகிறது. எனவே பழைய கருவி ஒன்றில் பாதி அழிந்த தேதி தென்பட்டால், அது செவ்வாய்க்கிழமையில் விழுகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. தேதி கிடைத்துவிட்டால் காப்புரிமைப் பதிவேட்டில் தேடி, அதைக் கண்டுபிடித்தவரின் வரைபடத்தையே பார்த்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. அக்காலத்தில் ஒரு காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். 1902-இல் வழங்கியவை 1919-இல் காலாவதியாகும். அதற்குப் பின் வந்த வார்ப்புகளில் 1902-இன் இரண்டு தேதிகளும் மறைந்து, 1910 மட்டும் நிற்கிறது. ஆக, மூன்று தேதிகள் உள்ள உடல் முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தது என்று துணிந்து சொல்லலாம்.

மற்ற உறுப்புகளும் சாட்சி சொல்கின்றன. அலகின் மேல் இதய வடிவத்துக்குள் 'எஸ்.டபிள்யூ.' என்ற எழுத்துகள் பொறித்திருந்தால் அது 1920-ஐத் தொடர்ந்த ஆண்டுகளைச் சேர்ந்தது. ஸ்டான்லி வொர்க்ஸ் நிறுவனத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்த வில்லியம் ஹார்ட்டின் நினைவாக அந்த முத்திரை வந்தது. அலகை அழுத்திப் பிடிக்கும் மூடியில் உள்ள திருகுத் துளை சிறுநீரக வடிவில் இருந்தால் 1933-க்குப் பிந்தியது. பித்தளைச் சக்கரத்துக்குப் பதில் எஃகுச் சக்கரமோ கெட்டி ரப்பர் சக்கரமோ இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க்காலக் கருவி. பித்தளை முழுவதும் தோட்டாக்களுக்கும் பீரங்கிக் குண்டுகளுக்கும் போய்விட்ட காலம். போருக்கு முந்தைய பிடிகள் பெரும்பாலும் ரோஸ்வுட். தென் அமெரிக்கக் காடுகளில் வளர்ந்த பிரேசில் ரோஸ்வுட், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு ஒரே பேரினத்து உறவு. அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992-இல் தடைசெய்யப்பட்டது.

ரம்பங்களிலும் இதே படிப்பு உண்டு. ஹென்றி டிஸ்டன் என்ற ஆங்கிலேயர் சிறுவனாகப் பிலடெல்பியாவுக்கு வந்து, 1840-இல் ரம்பப் பட்டறை தொடங்கினார். அவருடைய ரம்பங்களின் பிடியில் ஒரு பித்தளைப் பொத்தான் இருக்கும். ஒரு மகன் பங்காளியானபோது பொத்தானில் 'அண்டு சன்' என்று வந்தது. மற்ற மகன்களும் சேர்ந்ததும் அது 'அண்டு சன்ஸ்' ஆனது. ஒரு குடும்பத்தின் வரலாறு அந்தப் பொத்தானில் இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. தொழிற்சாலைகள் மீந்த பழைய உறுப்புகளைப் புதிய உடலில் பொருத்தி விற்றன. நூறு ஆண்டுகளில் தச்சர்களும் உடைந்ததை மாற்றியிருப்பார்கள். எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தே காலத்தை முடிவு செய்ய வேண்டும். தொல்லியலாளர் மண்ணடுக்கில் செய்வதும் இதே வேலைதான்.

மறந்துபோன ஒரு தகடு

இழைப்புளியின் அலகைக் கழற்றினால், அதன் முதுகில் இன்னொரு இரும்புத் தகடு திருகப்பட்டிருக்கும். அதன் முனை வளைந்து, அலகின் கூர்விளிம்புக்குச் சற்றே பின்னால் உட்கார்ந்திருக்கும். இந்தத் தகடு எதற்கு? இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே இது புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் மின்கருவிகள் பெருகி, கைத்தொழில் அறிவு ஆசானிடமிருந்து மாணவனுக்குப் போவது அறுந்தபோது, அதன் பயன் பலருக்கு மறந்துபோயிற்று. அலகு அதிராமல் தாங்கும் ஓர் உறுப்பு என்றே பெரும்பாலோர் எண்ணினார்கள்.

உண்மையை ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகப் பேராசிரியர்களான கவாய், கதோ இருவரும் நுண்ணோக்கி வழியாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். மரத்தின் நார்கள் மேலேறி ஓடும் திசைக்கு எதிராக இழைத்தால், கூர்விளிம்பு வந்து வெட்டுவதற்கு முன்பே நார்கள் பிளந்துகொண்டு ஓடும். மூங்கிலைக் கத்தியால் பிளக்கும்போது கத்திக்கு முன்னால் விரிசல் ஓடுகிறதே, அதே செயல்தான். விரிசல் உள்நோக்கி இறங்கினால் பரப்பு பிய்ந்துபோகும். அந்தத் தகட்டைக் கூர்விளிம்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கி வைத்தால், மேலெழும் சீவல் உடனே தகட்டில் மோதி முன்பக்கம் வளைகிறது. அப்படி வளையும்போது அது விளிம்புக்கு முன்னால் உள்ள நார்களை அழுத்திப் பிடிக்கிறது. விரிசலுக்கு ஓட இடமில்லை. முரட்டு நார் கொண்ட மரமும் பளிங்குபோல் வழுவழுப்பாகிறது.

அவர்கள் ஆராய்ந்தது தொழிற்சாலை இயந்திரங்களுக்காக. அந்தப் படம் 2012 வாக்கில் மேற்கத்திய கைத்தச்சர்களிடையே பரவியபோது, பலர் தங்கள் பழைய இழைப்புளியை எடுத்துத் தகட்டை நெருக்கி வைத்துப் பார்த்தார்கள். விலையுயர்ந்த புதிய கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தேவையான விடை, சில டாலருக்கு வாங்கிய கருவிக்குள்ளேயே நூறு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. அறிவு மனித நினைவிலிருந்து மறைந்த பிறகும் பொருளுக்குள் தங்கியிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மூசையும் பரங்கிப்பேட்டையும்

பழைய உளிகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரையைக் காணலாம். பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தவை. மூசையில் உருக்கி ஊற்றிய எஃகு என்பது அதன் பொருள். 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளி, நல்ல சுருள்வில் வேண்டும் என்பதற்காகக் களிமண் மூசையில் எஃகை முழுதாக உருக்கும் முறையை ஷெஃபீல்டு பகுதியில் நிறுவினார். உருகியதால் கசடு பிரிந்தது. கரி சீராகப் பரவியது. கூர்மை நெடுநேரம் நின்றது.

மூசை எஃகு அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன்பே தென்னிந்தியாவில் இருந்தது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கியதற்கான உலைச் சான்றுகள் கிடைத்துள்ளன. 'ஊட்ஸ்' என்ற பெயரில் இந்திய எஃகு லண்டனுக்குப் போனபோது, ஜார்ஜ் பியர்சன் 1795-இல் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் அறுவைக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதைப் பல உலோகங்களோடு கலந்து சோதித்தார்கள். கலப்பு எஃகு ஆய்வின் தொடக்கப் பக்கங்களில் அது இடம்பெறுகிறது.

இந்தக் கதையில் தமிழகத்தோடு நேரடியாகப் பிணைந்த ஒருவர் இருக்கிறார்: ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் அலுவலராக இருந்தவர். சேலத்து இரும்புத் தாதின் தரத்தைப் பார்த்து வியந்து, வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். ஆலை லாபம் தரவில்லை. ஆனால் எஃகைப் பற்றிய அவருடைய தேடல் நிற்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி 1839-இல், உருகிய எஃகில் சிறிதளவு மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

மாங்கனீசு இரண்டு நன்மைகளைச் செய்கிறது. உருகிய எஃகில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கசடாக்குகிறது. கந்தகத்தையும் தன்னோடு கட்டிக்கொள்கிறது. கட்டப்படாத கந்தகம் இரும்போடு சேர்ந்து, பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது எஃகை நொறுங்க வைக்கும். ஹீத்தின் முறையால் விலை மலிந்த இரும்பிலிருந்தும் நல்ல எஃகு செய்ய முடிந்தது; மூசை எஃகைத் தேனிரும்போடு சேர்த்து அடித்து ஒட்டுவதும் எளிதாயிற்று. பழைய உளியின் பக்கவாட்டைத் தீட்டினால், கூர்முனையில் மட்டும் மெல்லிய எஃகும் மற்ற இடமெல்லாம் மென்மையான இரும்பும் இரு நிறமாகத் தெரிவதைப் பல கருவிகளில் காணலாம். முனை கூர்மையைத் தாங்கும். உடல் அடியைத் தாங்கும்.

ஷெஃபீல்டு தயாரிப்பாளர்கள் அவருடைய முறையைச் சற்று மாற்றிப் பயன்படுத்திக்கொண்டு உரிமைத்தொகை கொடுக்க மறுத்தார்கள். ஹீத் பல ஆண்டுகள் வழக்காடி, பயன் காணாமலே இறந்தார். அமெரிக்க வாசல் ஒன்றில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் 19-ஆம் நூற்றாண்டு ஷெஃபீல்டு உளியில், சேலத்துத் தாதைக் கண்டு எஃகின் பின்னால் போன ஒருவரின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

துருவைப் புரிந்துகொள்வது

இனி அந்தக் கருவியை மீட்கும் வேலை. துரு என்பது இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள். தான் உண்ட இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் அது பொருக்காக எழும்புகிறது. நுண்துளைகள் நிறைந்தது என்பதால் ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு உலோகத்தை மூடிக் காப்பாற்றும். இரும்பின் துரு அப்படிக் காப்பதில்லை. ஆனாலும் கொட்டகையில் உலர்ந்து கிடந்த கருவியில் துரு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றிருக்கும். பார்வைக்குப் பாழ், உள்ளே இரும்பு நலமாக இருக்கும்.

சேகரிப்பாளர்கள் விரும்பும் முறை மின்னாற்பகுப்பு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு ஒரு சிறு கரண்டி சலவைச் சோடா கரைக்கிறார்கள். மரப்பிடியையும் பித்தளை உறுப்புகளையும் கழற்றிவிட்டுக் கருவியைத் தொங்கவிட்டு, கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதனோடு இணைக்கிறார்கள். நேர்முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. மின்சாரம் பாய்ந்ததும் கருவியின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து துருவைத் தளர்த்துகின்றன; சிவந்த துருவில் ஒரு பகுதி கறுப்பு நிற ஆக்சைடாகவும் மாறுகிறது. சில மணி நேரம் கழித்துத் தேய்த்தால் கறுப்புத்தூள் கழன்று வரும். நல்ல இரும்பு துளியும் கரைவதில்லை என்பதே இதன் சிறப்பு. வினிகர் போன்ற அமிலங்களில் நெடுநேரம் ஊறவைத்தால் துருவோடு இரும்பும் கரையும்.

இதில் காக்க வேண்டிய விதிகள் உள்ளன. ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது, எனவே திறந்தவெளியில் மட்டுமே செய்ய வேண்டும். நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் உப்பு போட்டால் குளோரின் வாயு கிளம்பும். கருவியைத் தொடும் முன் சார்ஜரின் இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

தீட்டும்போதும் ஒரு கவனம். மின் சாணைக்கல்லில் அழுத்தி, முனை நீலநிறமானால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். எஃகின் கடினம் அங்கே இறங்கிவிடும், கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் நனைத்து, பொறுமையாகத் தீட்ட வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது

பழையது எல்லாம் உயர்ந்தது என்ற எண்ணம் தவறு. அக்காலத்திலும் மட்டமான கருவிகள் ஏராளமாக விற்றன. அவை உடைந்து பழைய இரும்புக்குப் போய்விட்டன. நல்லவை பத்திரப்படுத்தப்பட்டு நம் கைக்கு வந்திருக்கின்றன. எஞ்சியதை மட்டும் பார்த்து அந்தக் காலத்தையே எடைபோடக் கூடாது.

வாங்கும்போது முதலில் வார்ப்பிரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்புக்குள் கரி கிராஃபைட் தகடுகளாகப் பரவியிருக்கிறது. அதனால் அது அதிர்வை விழுங்கும், கையில் அமைதியாக இருக்கும். அதே காரணத்தால் கீழே விழுந்தால் வளையாமல் பிளக்கும். அலகு வெளிவரும் வாய்ப்பகுதியும் பக்கச் சுவர்களும் முதலில் உடையும் இடங்கள். அடுத்து, அலகின் தட்டையான பக்கத்தில், கூர்முனைக்கு அருகே துருக்குழி ஆழமாக இருந்தால் அந்த அலகு பயன்படாது. திருகுகள் எல்லாம் உள்ளனவா என்றும் எண்ணிக்கொள்ள வேண்டும். ஸ்டான்லி பயன்படுத்திய 12-20 போன்ற மரைகள் சாதாரண வன்பொருள் கடையில் கிடைப்பதில்லை.

ரம்பம் என்றால் கண்ணுக்கு நேரே பிடித்து அலகு நேராக இருக்கிறதா என்று நோக்க வேண்டும். மழுங்கிய பல் ஒரு குறையே இல்லை. பழைய ரம்பத்தின் எஃகு, அரத்தால் தீட்டும் அளவுக்கே கடினமாக்கப்பட்டது. எத்தனை முறை மழுங்கினாலும் மீண்டும் கூராக்கலாம். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல ரம்பங்களின் பல்முனை மின்காந்தச் சூட்டால் அரம் ஏறாத அளவுக்குக் கடினமாக்கப்படுகிறது. நெடுநாள் வெட்டும், மழுங்கினால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

குப்பையில் வரலாற்றைக் கண்டவர்

இந்தச் சேகரிப்புக்கு அறிவியல் மதிப்பைத் தேடித் தந்தவர் ஹென்றி சாப்மன் மெர்சர். பென்சில்வேனியாவைச் சேர்ந்த தொல்லியலாளர். 1897-இல் கணப்படுப்புக்கான பழைய இடுக்கி ஒன்றைத் தேடிப் பழைய சாமான் வியாபாரி ஒருவரின் இடத்துக்குப் போனவர், அங்கே குவிந்து கிடந்த கைக்கருவிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். கற்கோடரிக்காக மண்ணைத் தோண்டுகிறோம். ஒரு நாட்டையே கட்டி எழுப்பிய கருவிகள் கண்ணெதிரே குப்பைக்குப் போகின்றனவே என்று அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஏலங்களிலும் பண்ணை வீடுகளிலும் அலைந்து பல்லாயிரம் பொருட்களைத் திரட்டினார். டாய்ல்ஸ்டவுன் நகரில் அவற்றுக்காக முழுவதும் கான்கிரீட்டால் ஒரு மாளிகையைக் கட்டி 1916-இல் முடித்தார். படகும் வண்டியும் கூரையிலிருந்து தொங்கும் அந்த மெர்சர் அருங்காட்சியகம் இன்றும் திறந்திருக்கிறது.

மெர்சரின் பார்வை நமக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் கராஜ் சேல் வழக்கம் இல்லை. தச்சர் வீட்டுப் பரணிலும் கொல்லன் பட்டறை மூலையிலும் கிடப்பவை பழைய இரும்புக் கடைத் தராசுக்கு நேராகப் போகின்றன. எடைக்குப் போடும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் துடைத்து முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுங்கள். எண்ணெய் தடவி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று முத்திரையைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தக் கருவியின் பெயரும் அதைப் பிடிக்கும் முறையும் தெரிந்தவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.